பூட்டிய வட்டில் அவள் குரல்

குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னபோது என் மனைவி அழவில்லை. "அப்புறம் இவரை எப்படிங்க டாக்டர் திட்டறது?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுவை சிகிச்சைக்குச் சில வாரங்கள் இருந்தன. குன்னூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஃபோனில் ஒரு யோசனை சொன்னாள். ஒருவருடைய குரலைப் போதுமான அளவு பதிவு செய்து வைத்தால், பிறகு அவர் தட்டச்சு செய்வதை அதே குரலில் கம்ப்யூட்டர் பேசுமாம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதைச் செய்து தருகிறதாம். அம்மா ஃபோனைப் பார்த்து வாசித்து அனுப்பினால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம் கண்ணு. உங்கம்மா குரலை எவனோ ஒருத்தன் மெஷின்ல கொண்டுபோய்ப் போடறதா? நானே செய்யறேன்."

நான் குந்தா மின் நிலையத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த கடைசி வருடங்களில் லினக்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டது. யாரும் விலைக்கு விற்காத, உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருள். ஓய்வுக்குப் பிறகு அதுவே என் வேலையானது. சர்ச் ஆபீஸ், பக்கத்து வீடுகள், கோத்தகிரியில் ஒரு சின்ன டீ ஃபாக்டரி என்று போன இடத்திலெல்லாம் அதைப் போட்டுக் கொடுத்தேன். நான் கிளம்பிய பிறகு பாதிப் பேர் பழையதையே மறுபடி போட்டுக்கொண்டார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மகளிடம் மறுத்ததற்குக் காரணம் கொள்கை என்றுதான் அன்று சொன்னேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. இத்தனை வருடம் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்ததற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று மனைவிக்கும் மகளுக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதற்கு அவளுடைய வியாதி ஒரு வாய்ப்பாகக் கிடைத்தது. இப்படி எழுதும்போது கை கூசுகிறது.

எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. ஐப்பசி மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. சாமான் அறையில் கம்பளிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைத்தேன். மழை விட்டதும் பதிவைத் தொடங்குவோம். தேயிலைக் கொழுந்து ஏற்றிய லாரி மேட்டில் முக்கிக்கொண்டு ஏறினால் நிறுத்துவோம். தமிழின் எல்லா ஒலிகளும் வரும்படி வாக்கியங்களை நான் தேடித் தொகுத்து வைத்திருந்தேன்.

"'பாய்மரக் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது.' ஏனுங்க, இதை நான் எப்பங்க சொல்லப்போறேன்?"

"அர்த்தம் முக்கியமில்ல அம்மிணி. சத்தம்தான் வேணும்."

"குன்னூருக்குக் கப்பல் வந்தாச் சொல்றேன். இப்ப எனக்கு வேண்டியதைச் சொல்றேன், புடிங்க."

அவள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஊசிக்குப் பயந்து ஓடிய தொழிலாளர்களை அவர்களுடைய லைன் வீடுகள் வரைக்கும் துரத்திப் பிடித்த குரல் அது. நான் கொடுத்த தாள்களை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் தன் வாக்கியங்களைச் சொன்னாள். அடுப்பை அணைச்சீங்களா. அந்த சுவெட்டரைக் கழட்டிப் போடுங்க, நாத்தம் புடிக்குது. மறுபடியும் அந்தப் பொட்டிய நோண்டீட்டு உக்காந்துட்டீங்களா. பிறகு மகளிடம் பேசுவதுபோலக் கொஞ்ச நேரம். பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லும் ஜெபம். அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டருக்காகச் சொன்னாலும் ஜெபம் ஜெபம்தான் என்றாள்.

வாரத்துக்கு வாரம் குரல் தேய்ந்தது. எங்கள் இருவருக்கும் அது தெரிந்தது. ஆனால் முதல் பதிவுகள் நன்றாக இருந்தன. அவை மட்டுமே போதும் என்று நினைத்தேன்.

அந்தப் பதிவுகளை ஒரு தனி வட்டில், வெளியே செருகும் ஹார்டு டிஸ்க்கில், வைத்தேன். அதை வெறுமனே வைக்க மனம் வரவில்லை, கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். திருடு போனால்கூட அவள் குரலை யாரும் கேட்க முடியாது. மகள் அப்போதே கேட்டாள்.

"அப்பா, எனக்கு ஒரு காப்பி அனுப்பி வெச்சிருங்க."

"எல்லாம் முடியட்டும். மொத்தமாத் தர்றேன்."

"ஒண்ணு ரெண்டாவது அனுப்புங்கப்பா."

"நெட்டுல போட்டா அதுக்கப்புறம் அது நம்ம கையில இல்ல கண்ணு."

அவள் மேலே கேட்கவில்லை. என்னிடம் பேசிப் பயனில்லை என்பதை அவள் தன் அம்மாவிடமிருந்து கற்றிருந்தாள்.

சர்ச் ஆபீஸ் கம்ப்யூட்டர் மெதுவாகப் போகிறது, புதிதாகப் போட்டுத் தாருங்கள் என்று அங்கே கணக்கு எழுதுகிறவர் கேட்டிருந்தார். அதற்காக ஒரு பென் டிரைவைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மனைவியின் குரல் இருந்த வட்டும் அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தது. கழற்றி வைத்திருக்க வேண்டும். கழற்றவில்லை.

செருகிய ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுக்கும். கட்டளையில் அந்த எழுத்தைக் குறிப்பிட்டால், அதில் இருப்பதை அழித்துப் புதியதை எழுதும். பென் டிரைவின் எழுத்தைச் சரியாகப் பார்த்துத்தான் கட்டளை கொடுத்தேன். எழுதி முடிப்பதற்குள் காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. என் யு.பி.எஸ். பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. காலமெல்லாம் ஊருக்கு மின்சாரம் அனுப்பியவன் ஒரு பேட்டரி மாற்றவில்லை.

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். முன்பு அடித்த கட்டளையை மறுபடி அடிக்கச் சோம்பல். மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய கட்டளை அப்படியே வந்து நிற்கும். வந்தது. என்டரைத் தட்டினேன்.

கம்ப்யூட்டரை மறுபடி போடும்போது அந்த எழுத்துகள் இடம் மாறக்கூடும். அது எனக்குத் தெரியாத விஷயமில்லை. புதிதாகக் கற்கிறவர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டளை 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. அதையும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், இது நம்மைக் குழந்தை மாதிரி நடத்தாது என்று.

பென் டிரைவின் விளக்கு எரியவில்லை. வட்டின் விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கினேன்.

கணினி தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்படிப் பூட்டிய வட்டை நம் கடவுச்சொல் நேரடியாகத் திறப்பதில்லை. உண்மையான சாவி வட்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய இடத்தில் இருக்கும், கடவுச்சொல் அந்தச் சாவியைத்தான் எடுத்துத் தரும். நான் அழித்தது வட்டின் தொடக்கத்தை. அவள் பேசியதில் பெரும்பகுதி இன்றும் அந்த வட்டில் கெடாமல் இருக்கிறது. கடவுச்சொல்லும் எனக்குத் தெரியும். இனி அதை யாராலும் திறக்க முடியாது. அந்தச் சாவிக்கு ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைப்பது ஒரு நிமிட வேலை.

அன்று மத்தியானம் சமையலறைக்குப் போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மறுநாளே மறுபடி தொடங்கியிருக்கலாம். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் இருந்தது. நான் சொல்லவில்லை. மீட்டுவிடலாம், அவளுக்குத் தெரியாமலேயே சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். முடியாது என்பதை என் படிப்பு அந்த நிமிடமே சொல்லிவிட்டது. என்னால் அதைக் கேட்க முடியவில்லை.

லினக்ஸ் ஆர்வலர்களின் ஒரு தமிழ்க் குழுவில் நான் பல வருடமாக இருக்கிறேன். யாராவது எதையாவது தொலைத்துவிட்டு வந்தால், நகல் எடுக்காமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று முதலில் திட்டுகிறவன் நான்தான். அங்கே போய், என் நண்பர் ஒருவர் இப்படிச் செய்துவிட்டார், வழி உண்டா என்று எழுதினேன்.

"சாவிக்குக் காப்பி எடுத்து வெச்சிருக்காருங்களா ஐயா?" என்று ஒருவர் கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்படின்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. உங்க ஃப்ரெண்டுகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லீருங்க. நீங்க இருந்தும் இப்படிப் பண்ணீட்டாரே."

சிலர் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள்.

மறுநாள் வெயில் அடித்தது. அதற்கு அடுத்த நாளும். அந்த ஐப்பசியில் அப்படித் தொடர்ந்து வானம் வெளுத்து நான் பார்க்கவில்லை. அவள் சாமான் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு ரெக்கார்டு இல்லீங்களா? மழையே காணோம்."

"போதும் அம்மிணி. நெறைய இருக்கு. நீ தொண்டைக்கு ஓய்வு குடு. பேசாம இரு."

அவள் அதை வைத்தியம் மாதிரி எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் சைகையிலேயே எல்லாம் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டதற்குக்கூட வாயில் விரலை வைத்துக் காட்டி, என் பக்கம் கையை நீட்டினாள், அவருடைய உத்தரவு என்பதுபோல. பேச முடிந்த கடைசி நாட்களில் அவளைப் பேசாமல் இருக்கவைத்தேன். வட்டை அழித்தது கைப்பிசகு. இது கைப்பிசகு இல்லை.

உறவினர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வட்டைத் துணியில் சுற்றிக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனேன். கெட்டுப்போன வட்டுகளிலிருந்து விவரங்களை எடுத்துத் தரும் கடை. கடைக்காரர் அதை மாட்டிப் பார்த்தார்.

"டிஸ்க் சூப்பரா இருக்குங்க சார். இன்னும் பல வருசம் ஓடும். பூட்டத்தான் ரொம்ப நல்லாப் பூட்டீட்டீங்க."

"உடைக்க முடியாதுங்களா?"

"உடைக்க முடியாதபடிதானுங்களே சார் அதைச் செஞ்சு வெச்சிருக்காங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "உள்ள என்னங்க சார் இருக்குது? ஆபீஸ் ஃபைலுங்களா?"

ஆமாம் என்றேன். அவர் கூலி வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நாளில் டாக்ஸியில் மலையிறங்கிப் போனோம். பர்லியாறில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து, கடையில் தொங்கிய மங்குஸ்தான் பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் நாங்கள் இருவர் மட்டும். அங்கே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உன் குரல் போச்சு, நான்தான் அழிச்சேன் என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பல நாட்களாகப் பேசாத தொண்டையில் சத்தம் எழ நேரமெடுத்தது.

"எப்பங்க?"

"சர்ச் கம்ப்யூட்டருக்கு வேலை செஞ்சனே, அன்னிக்கு."

அவள் மனதுக்குள் நாட்களைக் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. "அதுக்கப்புறந்தான் என்னைப் பேச வேண்டாம்னீங்க."

"ஆமா."

டிரைவர் வந்து கதவைத் திறந்தார். மேட்டுப்பாளையம் தாண்டியும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். ஆஸ்பத்திரியில் மகள் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தன் ஃபோனை எடுத்து அம்மாவின் வாயருகே பிடித்தாள். மனைவி மகளிடம் பேசினாள். எனக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக, வெகுநேரம். அந்தப் பதிவில் பெரும்பாலும் காற்றுதான் இருக்கிறது என்று மகள் பிறகு சொன்னாள். அதை அவள் எனக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை அறுவை சிகிச்சைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்வரை மனைவி என்னிடம் பேசவில்லை. மீதம் இருந்ததை யாருக்குச் செலவழிப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அதற்குப் பிறகு மகளின் ஃபோனில் அவள் அம்மா அனுப்பிய பழைய வாட்ஸ்அப் குரல் செய்திகள் சில இருந்தன, அவற்றைக் கேட்டு வாங்கினேன். சமைத்துக்கொண்டே அனுப்பியவை, குக்கர் விசிலுக்கு நடுவே அரைகுறை வாக்கியங்கள். அவற்றைச் சுத்தப்படுத்தி, கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து, வாரக்கணக்கில் போராடினேன். ஒருவழியாக ஒரு குரல் வந்தது. அவளுடைய சாயல் இருந்தது. காய்ச்சலில் கிடக்கும் யாரோ அவளைப்போலப் பேச முயற்சி செய்வதுபோல இருந்தது. அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முழு வாக்கியத்தையும் கேட்காமல் கையை நீட்டி அணைத்தாள்.

இப்போது லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் சாதாரண இயந்திரக் குரலைத்தான் பயன்படுத்துகிறாள். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத தட்டையான குரல். அவள் அடிப்பதை அது வாசிக்கும். பால்காரரிடமும் அதைக்கொண்டுதான் பேசுகிறாள், அவர் பழகிவிட்டார். நான் பழகவில்லை.

போன வாரம் மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தோம். அவள் லேப்டாப்பை இழுத்து வைத்து எதையோ அடித்தாள். குரல் சொன்னது:

"நீங்க ஏன் அன்னிக்கே சொல்லலை."

டாக்ஸியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதில் கோபம் இருந்ததா, வேதனை இருந்ததா, வெறுமனே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டேன்" என்றேன். "உனக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவியோன்னு."

அவள் ஒரே ஒரு வார்த்தை அடித்தாள்.

"சரி" என்றது இயந்திரம்.

எங்கள் வாழ்க்கையில் அவள் எத்தனையோ விதமாகச் சரி சொல்லியிருக்கிறாள். பக்கத்து அறையில் இருந்தபடியே, அது எந்தச் சரி என்று எனக்குத் தெரிந்துவிடும். இது எந்தச் சரி என்று அவளிடம் கேட்கலாம். அவள் அதற்கும் ஏதாவது அடிப்பாள். அதையும் இதே குரல்தான் சொல்லும். நான் கேட்கவில்லை. அவள் லேப்டாப்பை மூடிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.