சபாபதி மாமாவின் ஏழாவது அண்டா

ஐராவதி நதி தெற்கே ஓடி வருவது கடலைப் பார்க்க அல்ல. சபாபதி மாமா கலக்கும் பழப் பன்ச்சில் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் அத்தனை தூரம் வருகிறது. நாங்கள் குடியிருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் திரும்ப வழி தெரியாமல், வெட்கப்பட்டுக்கொண்டு போய்க் கடலில் விழுகிறது. நம்பாதவர்கள் எங்கள் தெருவில் விசாரிக்கலாம். என்னை மட்டும் கேட்டால் நல்லது. மற்றவர்களுக்கு உண்மை பேசும் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

மாமா என் அம்மாவின் தம்பி. வயது நாற்பத்தேழு. வேலை, பெரி ஓட்டுவது. பெரி என்றால் கப்பல் என்று நினைக்க வேண்டாம். தையல் பாக்டரிப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு, பாகோ ஆற்றுப் பாலம் தாண்டித் தன்லியினில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவரும் வண்டி. அது ஆறு நாள். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் மாமா வேறு ஆள். மழை நின்று, தடிஞ்சுட் பண்டிகை விளக்குகள் ஏற்றிவிட்டால், விரத மாதங்களில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்த ஊர் முழுக்க விருந்து வைக்க ஆரம்பித்துவிடும். அப்போதிருந்து தீபாவளி முடியும்வரை மாமாவின் அண்டாவுக்கு ஓய்வு கிடையாது.

அண்டாவில் விழுகிறவை: தோல் உரித்துச் சுளை உதிர்த்த பம்பளிமாஸ், ஷான் மலைப் பேரிக்காய், கொய்யா, மாதுளை முத்து. இஞ்சி தட்டிப் போட்டு ஆறவைத்த வெறும் தேத்தண்ணி. கரைத்து வடிகட்டிய பனைவெல்லம். இரண்டு கிராம்பு, ஒரு சிட்டிகை உப்பு. ராத்திரி முழுக்க இவை ஒன்றோடொன்று பேசிப் பழகிக்கொள்ளும். மறுநாள் பரிமாறுவதற்கு முன்னால் மேமியோவிலிருந்து வரும் ஸ்ட்ராபெர்ரி வைன் மூன்று பாட்டில். வைன் பாட்டில்களை முதல் நாளே திறந்து, மூடியை லேசாகத் திருகி வைத்துவிடுவார். அது கொஞ்சம் காற்று வாங்க வேண்டுமாம். நம் ஆட்கள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வாங்குகிற மாதிரி.

போன வருஷம்வரை மாமாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. உப்பு சரியாக இருக்கிறதா என்று ருசி பார்ப்பார். இனிப்பு சரியாக இருக்கிறதா என்று ருசி பார்ப்பார். முதலில் பார்த்த ருசி சரியாகத்தான் இருந்ததா என்று மறுபடியும் ருசி பார்ப்பார். மாமாவின் மனைவி ராணி அத்தையின் தம்பி கல்யாணத்தில் இப்படி முப்பது தடவை சரிபார்த்துவிட்டு, மண்டபத்து மின்விசிறியைச் சம்பந்தி என்று நினைத்து ஒரு மணி நேரம் வரவேற்புரை வாசித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. மறுநாளே கியாக்தானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மாமா குடியை விட்டார். விட்டேன் என்று போன் போட்டுச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அண்டாவையும் தூக்கிப் போட்டுட்டேன் ராணி. இனிமே பன்ச்சே போடமாட்டேன்."

"அண்டா என்னாங்க பாவம் பண்ணுச்சு? அதை எடுத்துக் கழுவுங்க. தடிஞ்சுட்லேர்ந்து தீபாவளி முடியிற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் போய்ப் போடுங்க. நாக்குல ஒரு சொட்டு படக்கூடாது. கடைசி அண்டாவுக்கு நானே வந்து பாக்குறேன். பட்டுச்சுன்னா, அதே பஸ்ல திரும்பிடுவேன்."

இந்த வருஷம் வந்த அழைப்புகள் ஏழு. ஏழு அண்டா தாண்டினால் அத்தை வீட்டுக்கு வருவாள். தாண்டாவிட்டால் மாமாவுக்கு ஆயுசுக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாடுதான். என் அம்மா சமையலைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று புரியும்.

நாக்கை வைக்காமல் பன்ச் போடுவது எப்படி? மாமா ஆள் பிடித்தார். ஐஸ் கடை நசீர் பாய். பாய் வாழ்க்கையில் மதுவைத் தொட்டதில்லை. அதனால் வைன் சேர்ப்பதற்கு முன்னால் வந்து, பழமும் வெல்லமும் கலந்த வெறும் சாற்றை மட்டும் பிஸ்மில்லா சொல்லிக் குடித்துப் பார்ப்பார்.

"சபா, புளிப்பு நிக்குது. வெல்லம் ஒரு கைப்பிடி."

"இப்ப?"

"இப்ப சொர்க்கம். நீ அந்தக் கண்றாவியை ஊத்துறதுக்குள்ள நான் கிளம்புறேன்."

வைன் விழுந்த பிறகு மாமாவுக்கு மூக்குதான். கரண்டியால் மொண்டு, மூக்குக்கு நேராகப் பிடித்து, கண்ணை மூடுவார். "இன்னும் அரை எலுமிச்சை" என்பார். குடித்தவர்கள் சரியாக அரை எலுமிச்சை அளவுக்குச் சந்தோஷப்படுவார்கள். ஒவ்வொரு விருந்திலும் யாராவது கோப்பையை நீட்டுவார்கள். "யாபாடெ, பரவாயில்ல, வண்டி ஓட்டணும்" என்று மாமா நழுவிவிடுவார். இப்படியே ஐந்து அண்டா போயிற்று.

ஆறாவது அண்டாவில் ஒன்றைப் பார்த்தேன். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மாமா கரண்டியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அரை எலுமிச்சையைக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. கரண்டி மூக்கிலிருந்து உதட்டுப் பக்கம் ஒரு விரற்கடை இறங்கியது. கதவுக்கு வெளியே நான் வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போட்டேன். மாமா கரண்டியை அண்டாவுக்குள் விட்டுவிட்டு, "யாருடி அது, கைய எங்க வெச்சிருக்க?" என்றார்.

அதற்கும் அடுத்து நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. பெரியவர்கள் வெறும் கீரைத் தண்ணியைக் குடித்துவிட்டுத் தள்ளாடுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை, அவ்வளவுதான். ஸ்கூல் எட்டாவதோடு மூடிக்கொண்ட பிறகு என் விஞ்ஞான ஆராய்ச்சிகளை நானேதான் நடத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாமாவுக்குச் சோறு கொண்டுபோய் வைக்கிறவள் நான். வீட்டுச் சாவி என்னிடம்தான். சனிக்கிழமை மத்தியானம், மாமா பெரியில் இருக்கும்போது, காற்று வாங்கிக்கொண்டிருந்த மூன்று பாட்டிலையும் காலி செய்தேன். புளிச்சக்கீரைச் செடியின் சிவப்புப் பூவை வேகவைத்து, ஆறவைத்து, வடிகட்டி, அதே பாட்டில்களில் ஊற்றி, மூடியை அதே அளவு லேசாகத் திருகினேன். நிறம் அச்சு அசல்.

ஏழாவது அண்டா ஞாயிற்றுக்கிழமை பகல், இரும்புக்கடை பெத்தபெருமாள் ஐயா வீட்டு மாடியில். கீழே ரயில் போனால் கோப்பைகள் கிணுகிணுக்கும் வீடு. பதினோரு மணிக்கு ராணி அத்தை கியாக்தான் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் சின்னப் பை. ஒரு சீலை, ஒரு சீப்பு, ஒரு டப்பா. அதற்கு மேல் அதில் இடம் கிடையாது. தங்க வருகிறவள் கொண்டுவருகிற பை இல்லை அது. எனக்குப் பசியே போய்விட்டது.

மாமா முதல் பாட்டிலைத் திறந்தார். கை ஒரு நொடி நின்றது. பிறகு மூன்றையும் ஊற்றினார். கலக்கினார். கரண்டியை எடுத்துக்கொண்டு நேராக அத்தையிடம் போய் அவள் மூக்குக்குக் கீழே பிடித்தார். அத்தை முகத்தைச் சுளித்து என்னவோ சொன்னாள். மாமாவும் என்னவோ சொன்னார். ஆரம்பமே சண்டையா என்று தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

ஆனால் ஆராய்ச்சி அமோக வெற்றி. தன்லியினில் அரிசிக்கடை வைத்திருக்கும் சிதம்பரம் அண்ணன் மூன்று கோப்பை குடித்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பா, என்னா அடி அடிக்குது! இந்த வருஷச் சரக்கே தனி!"

"மெதுவாப்பா, காலியா இருக்க வயித்துல எறங்குது," என்றார் பெத்தபெருமாள் ஐயா. அவருக்கே நாக்கு குழறியது. பத்து நிமிஷத்தில் சிதம்பரம் அண்ணன் சின்ன வயசில் தொலைந்துபோன தன் சைக்கிளை நினைத்து அழுதார். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அழுகை நின்று, அவருக்கு அன்பு பொங்கியது.

"போட்டவன் குடிக்கல பாத்தியா? எல்லா விருந்துலயும் தப்பிச்சுட்டான். தம்பி சபா, வா இங்க. இத நீ குடிக்காம நான் பாலத்தத் தாண்டமாட்டேன்."

"யாபாடெ அண்ணே. வண்டி ஓட்டணும்."

"ஞாயித்துக்கெழம என்னாடா வண்டி? குடிக்கலன்னா என்னைய மதிக்கலன்னு அர்த்தம்."

"குடி, குடி" என்று கூட்டம் கைதட்டியது. மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை ஜன்னலைப் பார்த்தாள். நழுவுவார், நழுவிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். மாமா கோப்பையை வாங்கினார். நிமிர்ந்து நின்று, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

அத்தை எழுந்து சின்னப் பையைத் தோளில் மாட்டினாள்.

"அத்தே, போகாதீங்க!" கத்தியது நான்தான். "அது வைன் இல்ல! புளிச்சக்கீரைத் தண்ணி! மூணு பாட்டிலையும் நான்தான் மாத்துனேன். மாமா ஒண்ணும் குடிக்கல. நெசமா ஒண்ணும் குடிக்கல அத்தே…"

ஓடிப்போய் அத்தையின் பையைப் பிடித்துக்கொண்டேன். அது கீழே விழுந்துவிடக் கூடாதே என்றுதான்.

தூணைப் பிடித்தபடியே சிதம்பரம் அண்ணன் கேட்டார்:

"அப்ப எனக்கு ஏன் தல சுத்துது?"

"வெயில்ல வந்தீங்கல்ல அண்ணே," என்று வாசலிலிருந்து ஒரு குரல். ஐஸ் கட்டியோடு வந்த நசீர் பாய். "அடேயப்பா, வைன் இல்லையா? அப்ப இன்னிக்கு எனக்கும் ஒரு கோப்பை குடுங்கப்பா. ஆறு அண்டாவா பாதியோட எந்திரிச்சுப் போறேன்."

முதலில் சிரித்தது அத்தை. பிறகு எல்லாரும். பெத்தபெருமாள் ஐயா கோபப்படலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்து, அண்டா காலியாவதைப் பார்த்துவிட்டு, கோப்பையை நீட்டினார்.

விருந்து முடிந்து மாடிப் பின்கட்டில் அண்டா கழுவினோம். நான் தேய்க்க, மாமா தண்ணீர் ஊற்ற, அத்தை பக்கத்தில் நின்றாள்.

"பூவை வேகவைக்கும்போதே கிராம்பு போட்டிருக்கணும்டி நீலா," என்றார் மாமா. "பச்ச வாசன அடிச்சுது."

என் கை நின்றது. "தெரியுமா உங்களுக்கு?"

"மூக்க வெச்சுப் பொழைக்கிறவன் நான்."

"அத்தைக்கு?"

"எனக்கும் ஒரு மூக்கு இருக்குல்ல," என்றாள் அத்தை.

"அப்புறம் ஏன் பையைத் தூக்குனீங்க?"

"நீ எத்தன நேரம் வாயை மூடிக்கிட்டு இருப்பேன்னு பாக்கத்தான். கரண்டிய நீட்டுனப்பவே மாமாதான் இந்த யோசனயச் சொன்னாரு. பாவம்டி, அஞ்சு நொடிகூடத் தாங்கல நீ."

கீழேயிருந்து நசீர் பாய் கத்தினார்: "தங்கச்சி! காலையில நீ என் கடையில வெச்சுட்டுப் போன பெரிய பொட்டிய யார் தூக்குறது? ஐஸ் தண்ணி பட்டு ஊறுது!" அத்தை இறங்கி ஓடினாள்.

மாமாவும் நானும் மட்டும். மானம் போய்க்கொண்டிருந்தது, எதையாவது சொல்லித் தடுக்க வேண்டும்.

"சும்மா வெளையாட்டுக்குத்தான் செஞ்சேன். வைன் பத்திரமா இருக்கு. கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"அப்பிடியா?" மாமா ஒரு குவளை தண்ணீரை நிதானமாக ஊற்றினார். "நேத்து சாயங்காலம் பெரி வண்டிய நிறுத்திட்டு எறங்குறேன், பின்சந்துச் சாக்கடை பூரா ஸ்ட்ராபெர்ரி மணக்குது. எலியெல்லாம் பாட்டு பாடுது. வெளையாட்டுக்குச் செய்யிறவ ஒளிச்சு வெப்பா. கொட்டமாட்டா."

நான் அண்டாவில் இல்லாத கறை ஒன்றைத் தேய்த்தேன்.

"நேத்தே தெரியும்ன்னா, கடைக்குப் போய் வேற மூணு பாட்டில் வாங்கியிருக்கலாம்ல? ஏன் வாங்கல?"

"நீ எதுக்குக் கொட்டுனியோ," என்றார் மாமா, "அதுக்குத்தான்."