ஷெஹாத்தாவின் வெங்காய வயலில் ஒரு ரோமானியக் கிராமம்

எகிப்தின் ஃபையூமில் வெங்காயம் பயிரிடும் ஷெஹாத்தாவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வயலெங்கும் பழைய பானை ஓடுகள் கிடப்பதைப் பார்த்த தொல்லியல் டாக்டரம்மா, ரோமானியர் ஆண்ட காலத்துக் கிராமம் ஒன்று இதற்கடியில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஷெஹாத்தா டீக்கடையில் அந்தக் கிராமத் தலைவரின் வாரிசாகிவிட்டார்.

“பரம்பரைன்னா சும்மாவா?” என்று மீசையை நீவிக்கொண்டார்.

நான்கு நாள் தோண்டினார்கள். ஓடுகள் கூடை கூடையாக வந்தன. சுவர் என்று ஒரு செங்கல்கூட வரவில்லை.

“வீடே இல்லாம சட்டி பானை மட்டும் எப்படி?” என்று டாக்டரம்மா குழம்பினார்.

ரொட்டி கொண்டுவந்த ஷெஹாத்தாவின் மனைவி நபவிய்யா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

“சுவரு அதோ, அந்தப் பாழடைஞ்ச மேட்டுல இருக்கு டாக்டரம்மா. மேட்டு மண்ணு நல்ல உரம்னு இருபது வருஷமா இந்த மனுஷன் கழுதை மேல அள்ளிட்டு வந்து இங்க கொட்டுறாரு. ஓடெல்லாம் அதுல வந்ததுதான்!”

எல்லோரும் ஷெஹாத்தாவைப் பார்த்தார்கள். அவர் மீசையை விடவில்லை.

“ஒரு ஊரையே தனியாளாக் கொண்டுவந்து குடியேத்தியிருக்கேன். நான் தலைவன் இல்லாம வேற எவனாம்?”