குக்கரில் காய்த்த பொருத்தனை

மெட்டில்டா டீச்சர் இதுவரை குடியிருந்த வாடகை வீடுகளிலெல்லாம் இன்றைக்கும் ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டிருக்கிறது. கோத்தகிரியில் பிளம்ஸ், குன்னூரில் மேரக்காய்க் கொடி. நட்டது இவர், தின்பது வீட்டுக்காரர்கள். ஊட்டியில் என் பக்கத்துப் போர்ஷனுக்குக் குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்: "இனிமே தரையில ஒரு குச்சி நடமாட்டேன் கெஸியா. காலி பண்ணும்போது லாரியில ஏத்தற மாதிரிதான் நடுவேன்."

பெயின்ட் வாளி, விரிசல் விட்ட பேசின் என்று ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்து சேர்ந்தன. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அவர் கணவர் பிராங்ளினின் பழைய கம்பூட்ஸ் இரண்டிலும் மல்லி முளைத்தது. "அடுத்து நான் கால்ல போட்டிருக்கறதைக் கேப்பாளாட்ட இருக்குதுங்க" என்றார் அந்த மனிதர். அடி ஓட்டையான பெரிய குக்கரில் தக்காளி. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் அதனுடன் நாலு வார்த்தை பேசுவார் டீச்சர். என்னுடன் பேச மட்டும் நேரமிருக்காது. எனக்குக் கடுப்புதான், மறைப்பானேன்?

எங்கள் இருவருக்கும் வீட்டுக்காரர் தனசிங், சர்ச் கமிட்டிக்காரர். வாசலுக்குப் புது டைல்ஸ் போட்டுவிட்டு, அதன்மேல் தானே நுனிக்காலில் நடப்பவர். தொட்டிகளுக்கு அடியில் ஈரம் கோத்துப் பச்சை வட்டமாகப் பாசி படிந்திருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டார்.

"டீச்சர், அறுப்பின் பண்டிகையோட இதையெல்லாம் எடுத்துருங்க. திங்கக்கிழமை இங்க ஒரு தொட்டி இருக்கக் கூடாதுங்க."

"எடுத்துட்டு எங்கீங்ண்ணா போறது?"

"அது உங்க பாடுங்க."

அவர் தலை மறைந்ததும் டீச்சர் அழுதேவிட்டார். "எல்லா ஊட்டுலயும் விட்டுட்டு வந்தேன். கூடவே கொண்டுபோகலாம்னு வளர்த்தா, வைக்கறதுக்கே எடமில்லீங்கறாரு." என் பக்கம் வைக்கச் சொல்லலாமென்றால், என் வாசலும் அவருடைய டைல்ஸ்தானே.

பண்டிகையன்று அவரவர் விளைச்சலில் முதற்பலனைச் சர்ச்சில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். இத்தனை வருஷமும் மார்க்கெட்டு கேரட்டைப் படைத்துவந்த டீச்சர், இந்த முறை சொந்தத் தக்காளி என்று ஆண்டவருக்கு நேர்ந்து பொருத்தனை செய்திருந்தார். ஊட்டிக் குளிரில் தக்காளி என்றைக்குச் சொன்ன நேரத்தில் பழுத்தது? பண்டிகை வந்துவிட்டது, காயெல்லாம் பச்சை. பிஞ்சைப் பறிக்க மனமில்லை, பொருத்தனையை விடவும் பயம். கடைசியில் ஒரு கைப்பிடியை அவரும் மறு கைப்பிடியை நானுமாகப் பிடித்துக்கொண்டு, குக்கரோடு செடியைச் சர்ச்சுக்குத் தூக்கிப் போனோம்.

பூசணிக்கும் சேவலுக்கும் நடுவே அது உட்கார்ந்திருந்தது. ஏலம் விட்டவர் தூக்கிக் காட்டினார். "விசில் மட்டுந்தானுங்க இல்ல, மத்ததெல்லாம் உசுரோட இருக்குது." சர்ச்சே சிரித்தது. பாடகர் குழுவின் சில்வஸ்டர் ஒரு விலை கேட்டார்.

சில்வஸ்டருக்கும் தனசிங்குக்கும் ஏழாம் பொருத்தம். சில்வஸ்டர் கேட்டதைத் தனசிங் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. போன வருஷம் இப்படித்தான் ஒரு கிழட்டுச் சேவலை எடுத்து, அது வேகாமல் சிலுவை சுமந்தார். இந்த முறையும் என்ன பொருள் என்றுகூடப் பார்க்காமல் கையைத் தூக்கினார். அவர் ஏற்ற, இவர் ஏற்ற, திடீரென்று சில்வஸ்டர் புன்சிரிப்போடு உட்கார்ந்துவிட்டார். குக்கர் தனசிங்கின் மடிக்கு வந்தது.

அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி ஈவ்லின் அக்கா கதவிலேயே மறித்துவிட்டாராம். "மண்ணோட உள்ள கொண்டாராதீங்க. டைல்ஸ் கெட்டுரும்." வெளியே எறியவும் முடியாது. ஆண்டவருக்குப் படைத்த பொருள்.

திங்கட்கிழமை காலை, வாளி மண்ணைச் சாக்கில் கொட்டுவதற்காக டீச்சர் வாசலில் குந்தியிருந்தார். நானும் கூட இருந்தேன். அப்போது தனசிங் குக்கரைச் சுமந்துகொண்டு வந்தார். அது முன்பு இருந்த அதே பச்சை வட்டத்தின்மேல் மெதுவாக இறக்கிவைத்தார்.

"இது இப்ப என்ற செடிங்க டீச்சர். பழுக்கற வரைக்கும் இங்க இருக்கட்டும். இது ஒண்ணு மட்டுந்தானுங்க."

டீச்சர் குக்கரைச் சுற்றிவந்து, ஓர் இலையைத் தடவிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"தாராளமா இருக்கட்டுங்ண்ணா. ஆனா பனி எறங்க ஆரம்பிச்சிருச்சு. தனியா நின்னா ஒரே ராத்திரியில கருகிரும். சுத்தியும் நாலு தொட்டி நெருக்கமா இருந்தாத்தான் தாங்குமுங்க."

தனசிங் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவரே குனிந்து, கம்பூட்ஸ் இரண்டையும் எடுத்து, இடது எது வலது எது என்று பார்த்து, குக்கரை ஒட்டி வைத்தார்.