தாமல் ஏரியில் பின்னால் நகர்ந்த படகு

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பம்புசெட், கிரைண்டர், மாவு மிஷின், எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பேன், பிரித்தால் காரணம் தெரிந்துவிடும், இத்தனை வருடமாக அப்படித்தான் தெரிந்திருக்கிறது. போன வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு நடந்த இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி எஸ்தரின் அண்ணன் தேவராஜ் தாமலில் இருக்கிறார், அங்கே ஏரியில் வலை போட்டு மீன் பிடிக்கிறார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் வேறு யாரும் சம்மதிக்காதபோது எங்களைக் கூட்டிப்போய்ச் சோறு போட்டவர் அவர்தான். மச்சானிடம் ஒரு சின்ன ஃபைபர் படகு உண்டு, அதன் பின்பக்கம் மாட்டுகிற பழைய மோட்டாரும் உண்டு. பழவேற்காட்டில் யாரோ கழித்துவிட்டதை ஆசை ஆசையாகத் தூக்கிவந்தார். மழை வந்தால் தான் நனைந்துகொண்டு அதற்குத் தார்ப்பாய் போர்த்துவார், எஸ்தர் அதைத் தன் அண்ணி என்றே கிண்டல் செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார்.

"மாப்ள, கியர் மக்கர் பண்ணுதுபா. முன்னால போட்டா போவுது, இத்தினி நாளா பின்னால போட்டதே இல்ல, இன்னிக்கு போட்டா வெறும் சத்தம் தான் வருது. சும்மா உறுமிக்கினு நிக்குது."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஸ்பானர் பையோடு போனேன். ஏரி நிறைந்து கரை வரை தளும்பிக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு கியர் குச்சியை முன்னால் தள்ளி தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன், கடக்கென்று பிடித்தது. பின்னால் தள்ளிச் சுற்றினால் எந்தப் பக்கமும் தடையில்லாமல் சுற்றியது. விசிறியின் ஆணி ஒடிந்திருக்குமோ என்று பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. கியர் குச்சியிலிருந்து கீழே போகிற கம்பியை நடுவில் ஒரு கிளாம்ப் பிடித்திருக்கும், அது லூசாக இருந்தது. முறுக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அப்படியும் பின்னால் பிடிக்கவில்லை.

"உள்ள பல்லு போயிருக்கும் மச்சான். கடைக்குத் தூக்கினு போயி பிரிச்சாதான் தெரியும்."

"முன்னால போவுது இல்ல? வலை ஒண்ணு கெடக்குது, எடுத்துட்டு வந்துடலாம் வா. அப்புறம் நீயே தூக்கினு போ."

எனக்கு நீச்சல் தெரியாது. அவர் கூப்பிட்டால் மறுக்கவும் தெரியாது, ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நடு ஏரிக்குப் போனதும் கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் வலையை இழுக்க ஆரம்பித்தார். கீழே எதிலோ மாட்டியிருந்தது போலிருக்கிறது, வெடுக்கென்று ஒரே இழுப்பு, மனிதர் தலைகுப்புறத் தண்ணீருக்குள் போய்விட்டார். பதறிப்போய் கியரை நடுவில் போடுவதற்குள் படகு அவரைத் தாண்டிவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், மீன் மாதிரி நீந்துகிற ஆள் கால் இரண்டும் வலையில் சிக்கி முங்கி முங்கி எழுந்துகொண்டிருக்கிறார். காற்று படகை இன்னும் தள்ளிக்கொண்டு போகிறது. கழி ஊன்ற ஆழம் அதிகம். முன்னால் ஓட்டி வளைந்து வரலாமென்றால் இரண்டு பக்கமும் வலை, விசிறியில் சிக்கினால் அவரையும் சேர்த்து இழுத்துவிடும். வந்த வழியிலேயே பின்னால் போனால்தான் உண்டு.

பிடிக்காது என்று தெரிந்தே குச்சியைப் பின்னால் தள்ளினேன்.

கடக்.

படகு பின்னால் நகர்ந்தது. அடித்துப் பிடித்து ஓடவில்லை, தூளியை ஆட்டுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக நேராக அவரிடம் போனது. நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, எனக்கு அந்த நிதானமே இல்லை. விசிறி அவரை நெருங்கும்போது குச்சி தானாகத் துள்ளி நடுவில் வந்து நின்றது. அவருக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. கையைப் பிடித்து இழுத்துப் போட்டு, வலையை அறுத்தேன். படகைக் கரைக்கு ஓட்டிவந்தேன். கரையில் வைத்து என் சட்டையைக் கழற்றி அவருக்குத் தலை துவட்டிவிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடையில் அவரை உட்கார வைத்துக்கொண்டே மோட்டாரைப் பிரித்தேன். பின் கியரில் ஒரு பல்கூட இல்லை. பாதி தேய்ந்தது, ஓரம் உடைந்தது என்று ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாக வளையல் மாதிரி வழவழவென்று இருந்தது. பற்கள் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும், எண்ணெயில் இரும்புத் தூள்கூடக் கிடையாது. இது எதையும் பிடித்திருக்க வழியே இல்லை.

"காத்து திரும்பித் தள்ளியிருக்கும் மச்சான்" என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவர் அந்தக் கியரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்துன்னே வெச்சுக்க. நீ பேசிக்கினே வந்த பாரு, அதுல தான்பா எனுக்கு உசுரு வந்துச்சு."

"நான் எங்க பேசினேன்?"

"பயப்படாத சின்னப்பு, கால ஆட்டாத, வந்துட்டேன்னு சொல்லிக்கினே வந்தியே. உன் குரல் எனுக்குத் தெரியாதா?"

நான் வாயே திறக்கவில்லை. பயத்தில் கத்தக்கூட இல்லை. அதோடு அவரை ஒருநாளும் நான் ஒருமையில் பேசியதில்லை. "சின்னப்பு யாரு மச்சான்?" என்று கேட்டேன். அம்மா தன்னை அப்படித்தான் கூப்பிடும் என்றார். எஸ்தர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர்கள் அம்மா இறந்துபோய்விட்டாராம். வீட்டுக்குப் போய் எஸ்தரிடம் கேட்டேன், அவளுக்கு அப்படி ஒரு பெயரே தெரியாது. அன்று ராத்திரி வெகுநேரம் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

வேறு கியர் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறது. மச்சானுக்கு இதில் பயமே இல்லை, சந்தோஷம்தான். எனக்குத்தான் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் கடையில் அந்தப் பெயரைச் சொன்னபோது சாதாரணமாக, ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒருநாள் கடையில் தனியாக இருக்கும்போது, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று நானும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பெயர் கடைசி எழுத்தில் கொஞ்சம் இழுத்து, பாட்டு மாதிரி மேலே தூக்கி வந்தது. அப்படிச் சொல்ல நான் நினைக்கவே இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மச்சான் வந்தபோது, அம்மா எப்படிக் கூப்பிடுவார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டுக் காட்டினார். என் வாயில் வந்த அதே இழுப்பு.