எட்டாவது மாதம் செப்டம்பர்

என் தம்பி அன்பரசன் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி யசோதரா திருவொற்றியூரில் ஒரு சின்னக் கம்பெனியில் டிரைவரைப் பற்றி எழுதுகிறாள். வியாசர்பாடியில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இதை யாரிடம் சொன்னாலும், "புருசனப் பத்தி எழுதறதுக்கு சம்பளமா?" என்று சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த டிரைவர் வேறு, ஐயா! தொழிற்சாலை வாசலில் விரல் வைத்துவிட்டு உள்ளே போகிறார்களே, அந்த வருகைப் பெட்டிக்குள் ஒரு கடிகார சிப் உண்டு. கரண்ட் போனாலும் அது பாட்டுக்குத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும். அந்தத் தேதியை வாங்கிப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி கொடுக்கும் புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அது தேதியை எப்படிப் படிக்கும், எப்படித் திருப்பிக் கொடுக்கும் என்று மற்ற எஞ்சினியர்களுக்கு விளக்கி எழுதுவது யசோவின் வேலை.

நாத்தனார்க்காரி புகழ்கிறாளே என்று சந்தேகப்படாதீர்கள். எங்களுக்குள் சண்டைக்குக் குறைவில்லை. என் குழம்பில் புளி தூக்கல் என்று அவள் வாயைத் திறந்தால் அன்றைக்கு வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஆனால் அவள் ஒன்றை விளக்கினால் எனக்கே புரிந்துவிடும். அதற்காக அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன வருஷம் அவள் இரண்டாவது தடவை உண்டாகியிருந்தாள். மூத்தவன் எழிலன் பிறந்தபோது அன்பரசன் துறைமுக கேட்டில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டான். முன்னால் ஒரு கன்டெய்னர், பின்னால் ஒரு கன்டெய்னர், வண்டியை விட்டுவிட்டு வரவும் முடியாது. பிள்ளையின் முகத்தை மறுநாள்தான் பார்த்தான். "பெத்தப்ப நீ இல்லன்றத நான் சாவுற வரிக்கும் மறக்க மாட்டேன்" என்று யசோ ஒரே ஒரு தடவை சொன்னாள். அது அவனுக்குப் போதும். இந்தத் தடவை கூடவே இருந்து தீருவது என்று முடிவுகட்டிவிட்டான்.

ஆனால் டாக்டர் சொன்ன தேதி அந்த மண்டையில் நின்றால்தானே! இரண்டு தடவை கேட்டான், இரண்டு தடவையும் மறந்தான். மூன்றாவது தடவை கேட்டபோது யசோ கரண்டியைத் தூக்கினாள். அப்புறம் அவன் யாரையும் கேட்கவில்லை. அவள் திருத்துவதற்காக வீட்டுக்கு எடுத்து வந்த தாள்களில், டிரைவர் தேதியைக் கொடுக்கும் விதத்துக்கு உதாரணமாகப் பிரசவத் தேதியையே போட்டிருந்தாள். ஆசை! ஓரத்தில் பென்சிலால் ‘பாப்பா’ என்று வேறு கிறுக்கியிருந்தாள். நாள் 18, மாதம் 8, வருடம் 125. மவராசன் அதைப் பார்த்து வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலையில் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். யசோ ஆபீசுக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"வா யசோ, ஆஸ்பத்திரிக்குப் போலாம். யார்டுல ஆண்ட்ரூ அண்ணன்கிட்ட பத்து நாள் லீவு வாங்கிக்கினேன்."

"இன்னாத்துக்கு மாமா? இன்னும் ஒரு மாசம் கீதே!"

"நீதான எழுதி வெச்சிகீற? பதினெட்டு, எட்டு!"

யசோ சீப்பைக் கீழே போட்டாள். அந்த டிரைவர் நாட்களை ஒன்றிலிருந்து எண்ணுமாம். மாதத்தை மட்டும் சைபரிலிருந்து எண்ணுமாம். ஜனவரி சைபர், பிப்ரவரி ஒன்று என்று போனால், எட்டு என்பது செப்டம்பர். வருடத்தை ஆயிரத்துத் தொள்ளாயிரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

"வருசம் நூத்தி இருவத்தஞ்சுன்னு கீதே, அத்த பாத்துக்கூடவா சந்தேகம் வர்ல?"

"ஆஸ்பத்திரி டோக்கன் நம்பர்னு நெனச்சிக்கினேன்."

நான் சிரித்த சிரிப்பில் எழிலன் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டான். யசோவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்பரசன் மட்டும் சிரிக்கவில்லை. "செப்டம்பர்ல எனக்கு எவன் மறுபடி லீவு தருவான்?" என்று கேட்டுவிட்டுத் துணிப்பையைத் தரையில் இறக்கி வைத்தான். யசோவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

அவள் கோபம் முதலில் ஆபீசில் இறங்கியது. ‘மாதத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளவும்’ என்று அவள் எழுதியிருந்த வரியை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று மேலாளர் சங்கரநாராயணன் எடுக்கச் சொல்லியிருந்தார். "என் வூட்டுக்காரருக்குத் தெரியாது சார், ஆட்டோவோட வந்து நின்னாரு" என்றாளாம். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

சாயங்காலம் அவன் லீவைச் செப்டம்பருக்கு மாற்றிக் கேட்க லாரி யார்டுக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன். அங்கே சூப்பர்வைசர் ஆண்ட்ரூ லீவு விஷயத்தில் படு கறார்.

"மாத்து டிரைவரு வண்டிய எடுத்துக்கினு நெல்லூருக்குப் போய்ட்டான்மா. குடுத்த லீவு குடுத்ததுதான். ஒருத்தனுக்கு ஒரு லீவு."

"சரிண்ணே. ஆனா எங்க கணக்கு சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும். அவரு இப்ப எடுத்துகினு கீறது சைபராவது லீவு. ஒண்ணாவது லீவு இன்னும் பாக்கி கீது."

"இது இன்னாமா பேஜாரான கணக்கு!" என்று ஆண்ட்ரூ முறைத்தார். செத்தோம் என்று நினைத்தேன். யசோ அதற்கு மேல் கணக்குப் பேசவில்லை.

"போன தபா அவரு இல்லண்ணே. எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு" என்றாள்.

ஆண்ட்ரூ லீவு நோட்டை எடுத்துப் பிரித்தார். "சரி, ஒண்ணாவது லீவ எடுத்துக்கச் சொல்லு. ரெண்டாவதுன்னு வந்தான், வண்டிச் சாவிய புடுங்கிடுவேன்" என்றார்.

குழந்தை அவசரக்குடுக்கை, செப்டம்பர் பதினாறாம் தேதியே கிளம்பிவிட்டது. ராயபுரத்தில் ஆஸ்பத்திரி நடையில் அன்பரசன் உட்காரவுமில்லை, டீ குடிக்கவுமில்லை. உள்ளேயிருந்து யசோ "மாமா!" என்று அலறியதுதான் தாமதம், மூடிய கதவில் போய் ஒட்டிக்கொண்டான். நர்ஸ் திட்டத் திட்ட, "இங்கதான் கீறேன் யசோ! இங்கயேதான் கீறேன்!" என்று அழுதுகொண்டே கத்தினான்.