மேற்கு அறை ஒழுக்கு

வெளியூர் விருந்தினர் வந்தால், கற்பிட்டியில் கடல்நீர்க் களப்போரமாக உள்ள உணவகத்துக்குத்தான் அழைத்துப் போவேன். அங்கே பரிமாறுபவர் தொண்ணூறாம் ஆண்டு, போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களில் ஒருவர். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி. நாம் முதல் வாய் உண்ணும்வரை மேசையருகிலேயே நிற்பார்.

போர் முடிந்த பிறகு ஒருநாள் யாழ்ப்பாண நண்பரை அழைத்துப் போனேன். நண்பரின் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டதும் பரிமாறுபவர், "எந்தத் தெரு, தம்பி?" என்றார்.

நண்பர் சொன்னார்.

"பள்ளிவாசலுக்குப் பின்னால பச்சைக் கதவு வீடு தெரியுமா? அதுதான் எங்கட வீடு," என்றார் பரிமாறுபவர்.

நண்பரின் கை சோற்றிலேயே நின்றது.

"வன்னியில எங்கட வீடு போரில போயிட்டுது. இப்ப அந்தப் பச்சைக் கதவு வீட்டிலதான் இருக்கிறம், நானா," என்றார் நண்பர், மூத்த முஸ்லிமை அண்ணா என்று விளிக்கும் முறையில்.

பரிமாறுபவர் மீன் தட்டைக் கையில் எடுத்தார்.

"மழைக்கு மேற்கு அறை இன்னும் ஒழுகுதா?"

"ஓம்."

"ஓடு மாத்துங்க. பிள்ளைகள் நனையும்," என்று நண்பரின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

நண்பர் உண்ணவுமில்லை, எழும்பவுமில்லை. இருவரையும் சந்திக்க வைத்தவன் நான்.