பவுசர் வந்த நேரத்தில் பயத்தம் மா

போன கிழமை என் மகள் ஓர் ஈரக் கடதாசியை என் முகத்தில் ஒட்டிவிட்டாள். கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை வெட்டிய கடதாசி. "இருவது நிமிசம் கதைக்காதேங்கோ அம்மா, சிரிக்கவும் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள். உப்புக்குளத்து வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, வெள்ளரிக்காய் வாசத்தோடு மல்லாந்து கிடந்தேன். அந்த வாசம் என்னைப் பாப்பாமோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனது.

போர் முடிந்து சனம் ஊர் திரும்பிய மீள்குடியேற்றக் காலம். ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. தாய்மாருக்கு உடல்நலம், சருமப் பராமரிப்பு என்று வகுப்பெடுக்க வேண்டும். எனக்கு அப்போது கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. முகம் நிறையப் பரு மட்டும் இருந்தது. எதிரே, தகரக் கொட்டிலுக்குள், விடியவே எழும்பிப் பற்றை வெட்டிவிட்டு வந்த பன்னிரண்டு தாய்மார். "ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ் தண்ணி குடிச்சால் தோல் மினுங்கும்" என்றேன்.

"எந்தத் தண்ணி, மிஸ்?"

கேட்டவர் செல்வராணி அக்கா, நாலு பிள்ளைகளின் தாய். கேலியாக அல்ல, அறியத்தான் கேட்டார். ஊர்க் கிணறுகள் இன்னும் துப்புரவாக்கப்படவில்லை. இரண்டு நாளுக்கொரு தடவை பவுசர் என்கிற தண்ணீர் லொறி வரும். அதைத் தவறவிட்டால் அடுத்த இரண்டு நாளும் குடிக்கவே ஒன்றுமில்லை. நான் அவசரமாக வெள்ளரிக்காய்க்குத் தாவினேன். கண்மேல் வைக்கச் சொல்லி ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்துத் திரும்பிப் பார்த்தால், பாதிப்பேர் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மீதிப்பேர் தாங்களே தின்றுகொண்டிருந்தார்கள்.

பிறகு பயத்தம் மாவும் மஞ்சளும். பவுசர் நாலு மணிக்கு வரும், அதற்குள் பூச்சுக் காய்ந்துவிடும், வருகிற தண்ணீரில் கழுவலாம் என்பது என் கெட்டித்தனம். குடங்களில் மிச்சமிருந்ததையும் மா குழைக்க ஊற்றினோம். காயும்வரை வாய் திறந்தால் முகத்தில் சுருக்கம் விழும் என்று வெருட்டியும் வைத்தேன். எட்டிப் பார்த்த பிள்ளைகள் தாய்மாரின் கோலத்தைக் கண்டு அலறியடித்து ஓடின. கொட்டிலில் அப்படியோர் அமைதி.

பவுசர் மூன்றரைக்கே வந்துவிட்டது.

வழமையான டிரைவர் லீவு. வந்தவர் ஊருக்குப் புதியவர், மீசைக்காரர். அவர் கண்டது இதுதான்: இடிந்த வீடுகளுக்கு நடுவேயிருந்து, மஞ்சள் முகத்துப் பெண்கள் குடமும் தண்ணிக் கானுமாகச் சத்தமேயில்லாமல் ஓடி வருகிறார்கள். என் சொல்லை அவ்வளவு விசுவாசமாகக் காத்தார்கள். கூப்பிடுவதற்குப் பதிலாகக் கை தட்டினார்கள். மீசைக்காரர் பவுசரை அப்படியே பின்னுக்கு எடுத்தார்.

ஊரின் இரண்டு நாள் தண்ணீர் என்னால் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நானாவது கத்தியிருக்கலாம். முன்மாதிரியாக இருக்கிறேன் என்று நானும் பூசியிருந்தேன்; சுருக்கத்துக்கு எனக்கும் பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

செல்வராணி அக்காதான் வாயைத் திறந்தார். கன்னத்து மா பாளமாகக் கழன்று விழுந்தது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. பேயில்லை, நாங்கள் பிள்ளைகுட்டிக்காரர்."

பவுசர் நின்றது. டிரைவர் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார். "அப்ப ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?"

"மிஸ் கதைக்கக் கூடாதெண்டு சொன்னவா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசும். ஆனால் எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பிவிட்டு, குழாயிலேயே எங்களுக்கு முகம் கழுவவும் தண்ணீர் விட்டார். போகும்போது, "வீட்டில மனிசிக்குக் கொஞ்சம் தாங்கோவன்" என்று மாவைப் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

செல்வராணி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "இவ்வளவு நேரமும் ஒருத்தரும் என்னை அம்மா எண்டு கூப்பிடேல்லை, மிஸ். அடுத்த கிழமையும் பூசுவமோ?"

அடுத்த கிழமையும் பூசினோம், தண்ணீர் பிடித்த பிறகு. சுருக்கத்தைப் பற்றி நான் மூச்சுக்கூட விடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தே முழுப் பூச்சும் உதிர்ந்தது.

இப்போது அங்கே வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. பவுசருக்காக ஒருவரும் கூடுவதில்லை, கொட்டிலும் இல்லை. எனக்கும் குழாய் மூன்றடி தூரத்தில்தான். மீசைக்காரரை நினைத்ததும் சிரிப்பு வந்து கடதாசி சுருண்டது. யாரையாவது பார்த்துச் சிரிக்கலாம் என்று திரும்பினேன். மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது.